வெறுங்கண்ணால் ஐந்து கோள்கள்: நெல்லைச் சீமையில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இன்றைய ஈராக்கில் இருந்த பாபிலோனியர், மத்திய அமெரிக்காவின் மாயர், சீனர், கிரேக்கர் யாரிடமும் தொலைநோக்கி கிடையாது. ஆனாலும் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்தையும் மற்ற நட்சத்திரங்களில் இருந்து பிரித்துப் பார்த்தார்கள், பெயர் வைத்தார்கள். பாபிலோனியர் அடுத்து எது எப்போது தெரியும் என்று முன்கூட்டியே எழுதியும் வைத்தார்கள். அதே வேலையை நம் ஊரில் நின்று செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் தொடங்கியபோது வழி சொல்ல ஆள் இல்லை. ‘வெள்ளி இன்று’ என்று தேடினால் கிராம் என்ன விலை என்று வருகிறது. ‘செவ்வாய்’ என்று தேடினால் தோஷப் பரிகாரம். ஆங்கிலத்தில் இருக்கிற வழிகாட்டிகள் லண்டன், நியூயார்க் வானத்துக்காக எழுதியவை. திருநெல்வேலி இருக்கிற 8.7 பாகை வட அட்சரேகைக்குப் பாதிக்குப் பாதி பொருந்துவதில்லை. நீங்களாவது அந்தச் சுற்றுவழியில் போக வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு ராத்திரியில் முடிகிற வேலை இல்லை. வெள்ளியின் ஒரு முழுச் சுற்றுக்கு, அதாவது வானத்தில் சூரியனை ஒட்டி அதே நிலைக்கு மறுபடி வருவதற்கு, 584 நாள், செவ்வாய்க்கு சராசரியாக 780 நாள் ஆகும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் விடாமல் செய்ய வேண்டும்.

1. நிற்கிற இடத்தை முடிவு செய்யுங்கள்

கோள் நகர்கிறதா என்று தெரிய வேண்டுமானால் நீங்கள் நகரக் கூடாது. அந்திக்கு ஒன்று, விடியக்கருக்கலுக்கு ஒன்று என்று இரண்டு இடம் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம். வீட்டுத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) இரண்டு திசையும் தெரிந்தால் அதைவிட வசதி வேறில்லை. நிற்கிற இடத்தில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டுவிடுங்கள். அங்கிருந்து தெரிகிற தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம், பனை, கோயில் கோபுரம் எல்லாவற்றையும் இடமிருந்து வலமாக ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். நேற்று அந்தப் பனைக்கு வலது பக்கம் இறங்கியது இன்று இடது பக்கம் இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் முதல் அளவீடு.

நம் பக்கத்தில் பெரிய சிக்கல் மேற்குத் திசை. பாபநாசம், கடையம், தென்காசி, களக்காடு பக்கத்துக்காரர்களுக்கு மலை குறுக்கே நிற்கும். அடிவாரத்தில் முகடு ஏழெட்டுப் பாகை வரை வானத்தை மறைத்தால், கோள் உண்மையாகவே மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே உங்களுக்கு மறைந்துவிடும். வெள்ளி, வியாழன் உயரத்தில் இருக்கும்போது இதனால் நஷ்டம் இல்லை. புதனைப் பிடிக்கவும், ஒரு கோள் ‘கடைசியாகத் தெரிந்த நாள்’ குறிக்கவும் இது ஆகாது. அந்த வேலைக்குப் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே உள்ள வெளி, நாங்குநேரி வட்டாரத்துக் குளத்தங்கரை, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரி என்று மேற்கு தாழ்ந்து கிடக்கிற இடமாகப் பாருங்கள்.

விடியலுக்குக் கடற்கரை. உவரியிலும் மணப்பாட்டிலும் கிழக்கே கடலையும் வானத்தையும் தவிர வேறொன்றும் கிடையாது. திருச்செந்தூரிலும் கிழக்கு நன்றாகவே தெரியும், ஆனால் வெளிச்சமும் கூட்டமும் அதிகம்.

2. அனுமதி, ஆவணம்

சொந்த வீட்டு மாடிக்கு எதுவும் தேவையில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கச் செயலாளரிடம் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, மாடிச் சாவிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். விடியற்காலை நான்கரை மணிக்கு வாட்ச்மேனை எழுப்பிச் சாவி கேட்டால் முதல் வாரத்தோடு உறவு முறிந்துவிடும்.

வெளியிடம் போனால் ஆதார் நகல் ஒன்று பையில் இருக்கட்டும். ரோந்து போலீஸ் நிறுத்தினால் நோட்டையும் பஞ்சாங்கத்தையும் காட்டினாலே பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கடலோர ஊர்களில் இருட்டில் டார்ச்சோடு ஒருவர் நின்றால் ஊருக்குள் விசாரிப்பார்கள். அதனால் முதல் தடவை பகலில் போய், வலை சரிசெய்துகொண்டிருப்பவர்களிடம் விவரம் சொல்லிவிடுங்கள். உவரியில் அப்படிப் போய் நின்றபோது, “அண்ணே, வெள்ளி எந்தப் பக்கம் வரும்?” என்று ஒரு மீனவரிடம் கேட்டேன். “எந்த வெள்ளியச் சொல்லுத?” என்று திருப்பிக் கேட்டார். கடலோரத்தில் நட்சத்திரம் எல்லாமே வெள்ளிதான். கார்த்திகை என்கிற அறுமீன் கூட்டம் கூட்டவெள்ளி. நமக்கு வேண்டியது விடிவெள்ளி. அப்படிக் கேட்டால் கையை நேராக நீட்டிக் காட்டிவிடுவார்கள்.

போகக் கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இரவில் நிற்க முடியாது. மணிமுத்தாறு, பாபநாசம் சோதனைச்சாவடிகளைத் தாண்டி ‘கொஞ்ச நேரம்’ என்று கேட்டுப் பயனில்லை. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் மூன்றின் சுற்றுப்புறத்திலும் ராத்திரியில் பைனாகுலரோடு நிற்க வேண்டாம். வானம் அங்கே நன்றாக இருக்கிறது என்பது உண்மைதான். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிடும்.

பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் தலைமையாசிரியர் கடிதமும் பெற்றோர் கையெழுத்தும் இல்லாமல் கிளம்பாதீர்கள். குளத்தங்கரை என்றால் ஷூ கட்டாயம். விரியன் எங்கே படுத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

3. பஞ்சாங்கம்: எதை வாங்குவது, எந்தப் பக்கத்தைப் பார்ப்பது

புதியவர்கள் அதிகம் வழுக்கி விழுகிற இடம் இது. கடையில் இரண்டு வகை கிடைக்கும். வாக்கியப் பஞ்சாங்கம் பழைய வாய்பாடுகளை வைத்துக் கணிப்பது. திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கில் கணிப்பது. கோயில் காரியம், வீட்டுச் சடங்கு எல்லாம் எதில் வேண்டுமானாலும் நடக்கட்டும். வானத்தைப் பார்க்கப் போகிறவருக்குத் திருக்கணிதம்தான் வேண்டும்.

வித்தியாசம் சின்னது என்று நினைக்காதீர்கள். சனி மீன ராசிக்குள் நுழைந்தது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. கிட்டத்தட்ட ஒரு வருடம் தள்ளிப்போகிறது. வாக்கியப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு சனியைத் தேடினால் பல பாகை தள்ளித் தேடுவீர்கள்.

வாங்கிய பிறகு ராசிபலன் பக்கத்தைத் தாண்டிவிட்டு ‘கிரக பாதசாரம்’ அட்டவணைக்குப் போங்கள். ஒவ்வொரு கோளும் எந்தத் தேதியில் எந்த நட்சத்திரத்தின் எத்தனையாம் பாதத்துக்குள் நுழைகிறது என்று அதில் இருக்கும். ஒரு பாதம் 3 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை). வேண்டிய சொற்கள் மூன்றே மூன்று. ‘வக்கிரம்’ என்றால் கோள் நட்சத்திரங்களுக்கு இடையே பின்னோக்கிப் போகிற காலம். ‘அஸ்தங்கம்’ என்றால் சூரிய வெளிச்சத்துக்குள் மறைவது. ‘உதயம்’ என்றால் அதிலிருந்து வெளியே வருவது. பாபிலோன் களிமண் பலகைகளில் திரும்பத் திரும்ப எழுதியிருப்பதும் இந்த நிகழ்ச்சிகளைத்தான். சூரியனை எவ்வளவு நெருங்கினால் எந்தக் கோள் மறையும் என்று பழைய வடமொழி வானியல் நூலான சூரிய சித்தாந்தம் கணக்கே கொடுக்கிறது: வியாழனுக்கு 11 பாகை, சனிக்கு 15, செவ்வாய்க்கு 17. மங்கலான கோள் சீக்கிரம் மறைகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் சூரிய உதயமும் அஸ்தமனமும் பெரும்பாலும் சென்னை நேரம். ஜூன் மாதம் நமக்குச் சூரியன் உதிப்பதும், டிசம்பரில் மறைவதும் சென்னையைவிடக் கால் மணி நேரம் பிந்தும். புதனுக்கு மொத்தமே முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும். அதில் கால் மணி போனால் மிச்சம் என்ன?

4. செலவு

ஒரு திருக்கணிதப் பஞ்சாங்கம், கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு, பால்பாயிண்ட் பேனா, டார்ச்சில் ஒட்ட சிவப்புக் கண்ணாடித்தாள். எல்லாம் சேர்த்து ரூ.500-க்குள் முடிந்துவிடும். ஜெல் பேனா வேண்டாம், பனியில் எழுத்து கலைந்துவிடும். சிவப்பு வெளிச்சம் எதற்கென்றால், வெள்ளை டார்ச் ஒரு தடவை கண்ணில் பட்டால் இருட்டுக்குக் கண் பழகத் திரும்ப இருபது நிமிடம் ஆகும். செல்போனுக்கும் இதே விதி.

தொலைநோக்கி வாங்காதீர்கள். மூவாயிரம், நாலாயிரத்துக்குப் பொம்மை மாதிரி விற்கிறவை கால் ஆடும், படம் ஆடும், மனசும் விட்டுப்போகும். சனியின் வளையத்தை ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டுமென்றால் திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையத்தில் வான்நோக்கு நிகழ்ச்சி எப்போது என்று விசாரித்துப் போய்ப் பாருங்கள்.

5. நோட்டில் எப்படி எழுதுவது

பாபிலோனில் கி.மு. 7-ஆம் நூற்றாண்டு முதல் கி.மு. முதல் நூற்றாண்டு வரை வானக் குறிப்பேடு எழுதியிருக்கிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய. கோள் எந்த நட்சத்திரத்துக்கு எத்தனை முழம் மேலே, எத்தனை விரல் கீழே என்று எழுதினார்கள். மாத முடிவில் பார்லி, பேரீச்சை, எள், கம்பளி என்ன விலை விற்றது என்று எழுதினார்கள். யூப்ரடீஸ் ஆற்றில் தண்ணீர் ஏறியதா இறங்கியதா என்றும் எழுதினார்கள். மேகம் மூடிய நாளில் ‘பார்க்கவில்லை’ என்று எழுதினார்கள். இந்தக் கடைசிப் பழக்கம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். நோட்டில் ஒரு தேதி காலியாக இருந்தால், அன்றைக்குக் கோள் தெரியவில்லையா, மேகமா, நீங்கள் தூங்கிவிட்டீர்களா என்று ஆறு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. ஒரு வார்த்தையாவது எழுதுங்கள்.

என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கும்: ‘அந்தி 7.05. வெள்ளி, தண்ணீர்த் தொட்டிக்கு இடது. நிலாவுக்குக் கீழே ஐந்து விரல். வெள்ளை, துடிப்பு இல்லை. மேற்கில் புழுதி. ஆற்றில் மண்டபத்து மூன்றாம் படி வரை தண்ணீர். தக்காளி கிலோ 30.’ தக்காளி எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பாபிலோன்காரர்கள் எழுதினார்கள், நானும் எழுதுகிறேன்.

முதல் இரண்டு மாதம் கோளின் பெயரை எழுதாமல் அ, ஆ, இ என்று குறி மட்டும் போட்டு எழுதிப் பாருங்கள். என்ன நிறம், எந்தத் திசை, வேகமா மெதுவா என்று நீங்களே எழுதியதை வைத்து எது எந்தக் கோள் என்று பிறகு முடிவு செய்யலாம். செல்போன் செயலியை அதற்கு அப்புறம் திறந்தால் போதும். கம்பி, தகரக்கூரை பக்கத்தில் இருந்தால் போனின் திசைகாட்டி தடுமாறும். செயலி காட்டுகிற இடம் அப்படியே வேறு பக்கம் போய்விடும்.

6. முழம், விரல்

கையை முழுக்க நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கட்டைவிரலின் அகலம் வானத்தில் சுமார் 2 பாகை. மூடிய கை 10 பாகை. விரித்த சாண் 20 பாகைக்குச் சற்று மேல். பாபிலோனியர் வானத்தில் ஒரு முழம் என்று எழுதியதும் சுமார் 2 பாகைதான். அதை 24 விரலாகப் பிரித்தார்கள். அதாவது அவர்களின் வானத்து முழம் உங்கள் நீட்டிய கையின் கட்டைவிரல் அளவுக்கு வரும். இந்தக் குழப்பம் வராமல் இருக்க நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் ‘விரல்’ எது என்று எழுதிவையுங்கள்.

கை அளவைச் சரிபார்க்கப் புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்கள் போதும். இரண்டுக்கும் இடையே நாலரைப் பாகை, அதாவது இரண்டு விரலுக்குக் கொஞ்சம் அதிகம்.

அடையாளக் கல்லாக வைத்துக்கொள்ள வேண்டியவை கார்த்திகைக் கூட்டம், ரோகிணி, புனர்பூசம், மகம், சித்திரை, கேட்டை. ஆறும் கோள்கள் போகிற பாதையை ஒட்டியே இருப்பவை. பாபிலோனியரும் இவற்றைத்தான் அடையாளமாகப் பயன்படுத்தினார்கள். இவற்றை அடையாளம் காணாமல் கோளுக்குப் போகாதீர்கள்.

ஏமாறக்கூடிய இடங்கள்: ரோகிணியும் கேட்டையும் சிவப்பு, அதனால் செவ்வாய் என்று ஏமாறுவார்கள். ‘கோள் கண் சிமிட்டாது’ என்பது சரிதான், ஆனால் தொடுவானத்துக்குப் பக்கத்தில் எல்லாமே சிமிட்டும். தெற்கே பளபளவென்று ஒன்று நின்றால் அது அகத்திய நட்சத்திரம். நமக்கு அது 28 பாகை உயரம் வரை ஏறும். கோள் ஒருநாளும் அவ்வளவு தெற்கே போகாது. பணகுடி, ராதாபுரம் பக்கம் தாழ்வாகச் சிவப்பாக விட்டு விட்டு எரிந்தால் காற்றாலை.

7. வெள்ளியில் தொடங்குங்கள்

சூரியன், நிலாவுக்கு அடுத்து வானத்தில் பிரகாசமானது வெள்ளி. சந்தேகமே வராது. சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் போகாது, அதனால் நள்ளிரவில் தலைக்கு மேல் வெள்ளி என்று யாராவது சொன்னால் அது வியாழனாக இருக்கும்.

ஒரு சுற்றில் நான்கு கட்டம். காலையில் தெரியும், மறையும், மாலையில் தெரியும், மறுபடி மறையும். மாயர் ஏட்டில் இந்த நான்குக்கும் எழுதியிருக்கிற நாட்கள் 236, 90, 250, 8. கூட்டினால் 584. சீனாவில் 1973-இல் மாவாங்துய் கல்லறையில் கிடைத்த பட்டுச்சுவடியில் 584.4 என்று இருக்கிறது. இரண்டு நாட்டுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லோருக்கும் அதே எண்தான் வரும், உங்களுக்கும் வரும். 90 என்ற எண்ணை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். கண்ணால் பார்த்தால் வெள்ளி அத்தனை நாள் மறைந்திருப்பதில்லை.

ஐந்து சுற்று சேர்ந்தால் 2920 நாள், அதாவது எட்டு வருடத்துக்கு இரண்டு நாள் குறைவு. இதனால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி. 2018 அக்டோபர் 26-இல் வெள்ளி சூரியனுக்கும் நமக்கும் நடுவே வந்தது. எட்டு வருடம் கழித்து 2026 அக்டோபர் 24-இலும் அப்படியே. 2004 ஜூன் 8, 2012 ஜூன் 6 இரண்டு நாளும் சூரியன் மேல் கரும்புள்ளியாக வெள்ளி கடந்து போனதே, அதுவும் இந்தக் கணக்குதான். அந்த வரிசையில் 2020-க்குப் பிறகு அடுத்து வெள்ளி நடுவே வருவது 2028 ஜூன் 1, ஆனால் அப்போது சூரியன் மேல் கடந்து போகாது. ஆக எட்டு வருடத்துக்கு முந்தைய பஞ்சாங்கம் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் வாங்கி வையுங்கள். இந்த வருடத்து வெள்ளி அதில் இருக்கிறது. பாபிலோனில் அம்மிசதுக்கா மன்னன் காலத்து வெள்ளிக் குறிப்பு 21 வருடத்துக்குத் தொடர்ச்சியாக இருக்கிறது; அதைப் படிக்கிறவர்கள் பிடித்துக்கொள்கிற கயிறும் இந்த எட்டு வருடம்தான். நமக்குக் கிடைத்திருப்பது நினிவே நகரத்து நூலகத்தில் இருந்த பிற்காலப் பிரதி.

கடைசி 8 நாள் மறைவுதான் பார்க்கச் சுவையானது. மாலையில் கீழே இறங்கிக்கொண்டே வந்த வெள்ளி ஒரு வாரம் காணாமல் போய், திடீரென்று விடியலில் கிழக்கே நிற்கும். ஆனால் 2026-இல் அது ஐப்பசி மழையில் மாட்டுகிறது. மேகம் இல்லாத அந்தியும் விடியலும் இரண்டும் கிடைக்க வேண்டும். அந்த இரண்டு வாரம் இன்னொரு ஊரில் இருக்கிற நண்பரையும் பார்க்கச் சொல்லிவிடுங்கள். இங்கே மூடினால் அங்கே திறந்திருக்கலாம். சூரியன் முழுக்க மறையும் முன்பும், காலையில் சூரியன் எழுந்த பின்பும் பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. கண் போய்விடும்.

8. செவ்வாயின் வக்கிரம்

செவ்வாயை எல்லா நாளும் பார்க்க வேண்டியதில்லை. ஏறக்குறைய இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறை அது பிரகாசமாகி, நின்று, பின்னால் போய், மறுபடி நின்று, முன்னால் போகும். எகிப்தியர் இதைப் பார்த்துவிட்டுத்தான் ‘பின்னோக்கிப் போகிறவன்’ என்று எழுதினார்கள். அந்த இரண்டரை மாதத்தைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு இரண்டு வருடம்.

2027 நமக்கு நல்ல வாய்ப்பு. ஜனவரி இரண்டாம் வாரத்தில் இருந்து மார்ச் கடைசி வரை வக்கிரம். மழை ஓய்ந்த காலம். பிப்ரவரி 19 வாக்கில் செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே, மகம் நட்சத்திரத்துக்கு வடக்கே சில விரல் தள்ளி நிற்கும். மாசிப் பௌர்ணமியும் அதை ஒட்டியே வருவதால் நிலாவும் அந்தப் பக்கம்தான். வியாழனும் தூரத்தில் இல்லை. மகத்தை நடுவில் வைத்து ஒரு பெரிய வரைபடத் தாளில் மூன்று நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம். ஏப்ரலில் தாளைப் பார்த்தால் கோடு திரும்பியிருக்கும்.

பாபிலோனியர் செவ்வாய்க்கு 79 வருடக் கணக்கும் 47 வருடக் கணக்கும் வைத்திருந்தார்கள். 2027-இல் இருந்து 79 கழித்தால் 1948. அந்த வருடமும் பிப்ரவரியில்தான் செவ்வாய் எதிரே நின்றது. 47 கழித்தால் 1980 பிப்ரவரி. ஊரில் எண்பதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

9. வியாழன், சனி

இவை மெதுவாகப் போகிறவை, அதனால் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். வியாழன் ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு ராசி, பன்னிரண்டு வருடத்தில் ஒரு சுற்று. சீனர் அதை ‘ஆண்டு விண்மீன்’ என்று சொன்னது அதனால்தான். 2018 அக்டோபரில் தாமிரபரணியில் புஷ்கரம் என்று படித்துறை எல்லாம் நிரம்பி வழிந்ததே, அது குரு விருச்சிகத்துக்குள் வந்ததை ஒட்டி நடந்தது. அங்கே குளித்தவர்களில் எத்தனை பேர் அன்று சாயங்காலம் மேற்கே தாழ்வாக நின்ற வியாழனை நிமிர்ந்து பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

சனிக்கு ஒரு ராசியில் இரண்டரை வருடம், முழுச் சுற்றுக்கு இருபத்தொன்பதரை. முழுதும் பார்க்கக் காத்திருக்க வேண்டாம். பக்கத்து நட்சத்திரத்துக்கு எத்தனை விரல் என்று மாதம் ஒருமுறை குறித்தாலே வேகம் பிடிபடும்.

10. புதன்: நமக்கு இருக்கிற சலுகை

ஐரோப்பியர் தங்கள் புத்தகங்களில் புதனைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். அவர்களுக்குச் சூரிய பாதை சாய்ந்து கிடக்கிறது, புதன் மரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். நமக்கு அந்தப் பாதை ஏறக்குறைய செங்குத்தாக எழும், செங்குத்தாக இறங்கும். பாபிலோன் இருக்கிற 32 பாகையைவிட நாம் நல்ல இடத்தில் நிற்கிறோம்.

சுற்று 116 நாள். வருடத்தில் அந்தியில் மூன்று, விடியலில் மூன்று என்று ஏறக்குறைய ஆறு வாய்ப்பு, ஒவ்வொன்றும் இரண்டு வாரம் போல. சூரியன் மறைந்து அரை மணி கழித்துப் பார்க்கத் தொடங்குங்கள். ஒரு மணி நேரம் தாண்டினால் போய்விடும். 2027 பிப்ரவரி முதல் வாரம் அந்தியிலும், மார்ச் நடுவில் விடியலிலும் பார்க்கலாம். அந்திக்கு மேற்குத் தாழ்ந்த இடம் கட்டாயம். அடிவாரத்துக்காரர்கள் விடியலை எடுத்துக்கொள்ளுங்கள்.

11. இப்போது பெயர்களைப் பாருங்கள்

இரண்டு மாதக் குறிப்பு கையில் இருந்தால்தான் இந்தப் பகுதி ருசிக்கும். உங்கள் அ, ஆ, இ-க்கு எதிரே பழைய பெயர்களை எழுதிப் பாருங்கள். சிவப்பாக எழுதிய கோளுக்கு நாம் வைத்தது செவ்வாய். வடமொழியில் அங்காரகன், நெருப்புத் துண்டம். கிரேக்கத்தில் பைரோயிஸ், தீ போன்றது. எகிப்தில் சிவப்பு ஓரஸ். நகரவே இல்லை என்று நீங்கள் அலுத்துக்கொண்ட கோளுக்குப் பாபிலோனில் கயமானு, நிலையானது. வடமொழியில் சனைச்சரன், மெல்லப் போகிறவன். சங்கப் பாட்டில் அது மைம்மீன், கரிய மீன். தாவித் தாவி மறைந்த புதனுக்குப் பாபிலோனில் ‘குதிப்பது’ என்ற பொருளில் சிக்து. கிரேக்கர் ஸ்டில்போன் என்றார்கள், மினுக்குவது. வெள்ளிக்குக் கிரேக்கத்தில் முதலில் காலைக்கு ஒரு பெயர், மாலைக்கு ஒரு பெயர். இரண்டும் ஒன்றுதான் என்று பாபிலோனியருக்கு எவ்வளவோ முன்பே தெரிந்திருந்தது.

நவகிரக சன்னிதியில் சாத்துகிற துணியின் நிறத்தையும் இதோடு ஒப்பிடுங்கள். சுக்கிரனுக்கு வெள்ளை, செவ்வாய்க்குச் சிவப்பு, குருவுக்கு மஞ்சள், சனிக்குக் கறுப்பு. முதல் மூன்றும் நோட்டோடு ஒத்துப்போகும், சனியின் கறுப்பை மங்கல் என்று எடுத்துக்கொள்ளலாம். புதனுக்குப் பச்சை, அது மட்டும் வானத்தில் கிடையாது.

‘வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று’ என்று திருப்பாவையில் வருவதையும் குறிப்பேட்டு வரியாகப் படித்துப் பாருங்கள். கிழக்கே வெள்ளி ஏறும்போது மேற்கே வியாழன் இறங்குகிறது. இரண்டு திசையும் திறந்திருக்கிற மாடியில் நின்றால் இதை நீங்களே எழுதலாம்.

ஊர்ப் பெயர்களில் ஒரு எச்சரிக்கை. தாமிரபரணிக் கரையில் நவ திருப்பதி, நவ கைலாயம் என்று ஒன்பது கிரகங்களுக்கும் ஒவ்வொரு கோயிலாக இரண்டு வரிசை உண்டு. நவ திருப்பதியில் தென்திருப்பேரை சுக்கிரனுக்கு. நவ கைலாயத்தில் அதே தென்திருப்பேரை புதனுக்கு. ஸ்ரீவைகுண்டம் ஒன்றில் சூரியன், இன்னொன்றில் சனி. ‘சுக்கிரன் கோயில்’ என்று மட்டும் சொல்லி ஆட்டோ ஏறினால் எங்கே இறக்கிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. நவ கைலாயத்துச் சுக்கிரன் சேர்ந்தபூமங்கலத்தில் இருக்கிறது.

12. எந்த மாதம் என்ன கிடைக்கும்

தை முதல் பங்குனி வரை முதல் தரம். தொடங்குவதாக இருந்தால் தையில் தொடங்குங்கள். சித்திரை, வைகாசியில் புழுதியும் மாலை இடியும்; விடியல் பரவாயில்லை. ஆனி, ஆடியில் தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல், வானம் மூடியே கிடக்கும். பாளையங்கோட்டை, நாங்குநேரிப் பக்கம் காற்றில் மேகம் ஓடிக்கொண்டே இருப்பதால் இடைவெளி கிடைக்கும். பத்து நிமிடம் பொறுத்து நின்றால் ஒரு கோளாவது அகப்படும். ஆவணி, புரட்டாசி சுமார். ஐப்பசி, கார்த்திகையில் வாரத்துக்கு இரண்டு நாள் கிடைத்தால் அதிகம். அந்த இரண்டு மாதத்தில் பழைய பக்கங்களை இன்னொரு நோட்டில் படி எடுத்துவிடுங்கள், பஞ்சாங்கத்தின் பாதசாரத் தேதிகளையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மேகம் மூடிய நாளுக்கு ‘பார்க்கவில்லை’ என்று எழுதுவது அப்போதும் உண்டு.